உழைக்கும் தாய்மாரும் தொட்டில் குழந்தைகளும்

(பொன்விழா ஆண்டுக் குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டம் என்றாலே பழம்பெருமை பேசுவது வழக்கம். ஓலைக் கொட்டகையில் தொடங்கிய கோவில், தலைச்சுமையாகக் கல் சுமந்த பெரியவர்கள், முதல் திருவிழாவுக்கு வாடகைக்கு எடுத்து வந்த பெட்ரோமாக்ஸ் விளக்கு ஆகியவற்றை எல்லாம் நமக்கு முன் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். விழாக் குழுவினர் நமக்கு ஒதுக்கிய தலைப்பு ‘குடும்பமும் அரசும்’. மிகவும் பரந்த தலைப்பு. அதிலிருந்து ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வேலைக்குப் போகும் தாயின் கைக்குழந்தையைப் பகல் முழுவதும் யார் பார்ப்பது, அதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதே அது. இது பெண்கள் குழாயடியில் பேசித் தீர்க்கிற சங்கதியல்லவா என்று ஆண்கள் பகுதியில் சிலர் நெளிவது தெரிகிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

பொன்விழாவை முன்னிட்டு வீடு வீடாகச் சென்று பங்குக் கணக்கெடுப்பு நடத்தினோம். ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11 மணியிருக்கும். உபதேசியாருடன் ஒரு வீட்டு முற்றத்தில் ஏறினோம். பெரியவர்கள் யாருமில்லை. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி, பத்து மாதத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

“அம்மா எங்கே?” என்றோம்.

“அண்டி ஆபீசுக்குப் போயிருக்கு சாமி.”

“அப்பா?”

“கொத்த வேலைக்கு.”

“உனக்கு இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டோம்.

“தம்பி பள்ளிக்கூடம் போற வயசு வந்ததும் நான் போவேன் சாமி” என்றாள்.

அந்தப் பதிலில் அழுகையும் இல்லை, முறையீடும் இல்லை. அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். தம்பிக்கு அந்த வயது வரும்போது தனக்குப் பதினாறு நடக்கும் என்ற கணக்கு அவளுக்குத் தெரியாததா? பள்ளிப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது. பாட்டி வந்து தங்குகிற நாள்களில் போகிறாள், பாட்டி போய்விட்டால் நின்றுவிடுகிறாள். அதே அன்பியத்தில் இன்னும் மூன்று வீடுகளில் இதே காட்சியைக் கண்டோம். ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர், தம் கண்ணே சரியாகத் தெரியாத முதியவர். மற்றொரு வீட்டில், சொல்லக் கூசுகிறது, குழந்தையின் காலைக் கட்டில் காலோடு ஒரு சேலைத் துண்டால் கட்டியிருந்தார்கள். அந்தத் தாயை நாம் குறை சொல்லவில்லை. கிணறு அடைப்பில்லாமல் இருக்கிறது, அதனால் கட்டிவைத்தார்.

அண்டி ஆபீஸ் என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. இவ்வுரை மலரில் அச்சாகி வெளியூர்க்காரர் கையிலும் போகும் என்பதால் இரண்டு வார்த்தை சொல்கிறோம். முந்திரிக்கொட்டையை வறுத்து, தல்லி, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் ஆலைகள் நம் குமரி மாவட்டத்தில் பல உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் மிகப் பெரும்பாலும் பெண்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும் தன்மையுடையது. நற்கருணை வாங்க நீட்டும் கைகளில், கறுத்துப்போன விரல் நுனிகளை நாம் ஞாயிறுதோறும் காண்கிறோம். வறுக்கும் புகைக்கும் அந்த எண்ணெய்க்கும் நடுவே பால்குடிக் குழந்தையைக் கொண்டுபோக எந்தத் தாய் துணிவாள்? தல்லுவதற்கும் தோல் உரிப்பதற்கும் எடைக்கணக்கில் கூலி. குழந்தை அழுகிறது என்று எழுந்துபோனால் அன்றைய எடை குறையும், சனிக்கிழமைக் கூலியில் அது தெரியும்.

குழந்தையைப் பெற்றவள் வீட்டில் இருந்து வளர்க்கட்டுமே, சாமியார் எதற்குக் காப்பகத்துக்குப் பரிந்து பேசுகிறார் என்று கேட்கிற பெரியவர்கள் நம் பங்கில் உண்டு. அவர்கள் கேள்வியை நாம் தள்ளிவிடவில்லை. தாயின் மடிக்கு ஈடான இடம் உலகில் இல்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் அதற்கு முன்னால் சொல்லப்பட்ட ஒன்றை மறந்துவிடுகிறார்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலிருந்து திருச்சபை கேட்டுவருவது, குடும்பம் தாழ்வின்றிப் பிழைப்பதற்குப் போதிய கூலி. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய மடலில் இதையே விரித்துச் சொன்னார். ஒருவருடைய கூலியே குடும்பத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், அல்லது வீட்டில் இருந்து பிள்ளை வளர்க்கும் தாய்க்குச் சமுதாயம் உதவித்தொகை தர வேண்டும் என்றார். வேலைக்குப் போகிற பெண் தன் தாய்மையை விலையாகக் கொடுக்க நேராதபடி வேலையின் அமைப்பே மாற வேண்டும் என்றும் சொன்னார். அந்தப் போதிய கூலி நம் ஊரில் எந்த வீட்டுக்கு வருகிறது? கொத்தனார் வேலை மழையில் நின்றுபோகும். ரப்பர் பால்வெட்டும் அப்படியே. சில வீடுகளில் ஆண் சம்பாதிப்பது வீடு வந்து சேருவதற்குள் வழியிலுள்ள ஒரு கடையில் கரைந்துவிடுகிறது. எந்தக் கடை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தாயின் கூலியில்தான் அரிசி வேகிறது. வேலையை விட்டுவிடு என்று அவளிடம் சொல்வது உலையை இறக்கிவிடு என்று சொல்வதற்குச் சமம்.

இன்று பல நாடுகளில் குழந்தைக் காப்பகத்துக்கு ‘கிரெஷ்’ என்ற பிரெஞ்சுச் சொல் வழங்குகிறது. அதன் பொருள் என்ன தெரியுமா? மாட்டுத் தீவனத் தொட்டி. 1844இல் பாரிஸ் நகரில் ஃபிர்மேன் மார்போ என்பவர், பகலில் வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மாரின் பச்சிளங் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் திறந்தார். பெத்லகேமில் இடமில்லாத குழந்தைக்குக் கிடைத்த இடத்தின் பெயரையே அதற்கு வைத்தார். கிறிஸ்துமஸ் தோறும் நாம் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டுகிறோம். இருபது நாள் கழித்துப் பிரித்து அட்டத்தில் போட்டுவிடுகிறோம்.

இனி நம் பங்கின் கதைக்கு வருவோம். கோவிலின் வடபுறம் இருக்கும் ஓட்டுக் கட்டடத்தை இளைஞர்கள் ‘சாமான் அறை’ என்கிறார்கள். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது பால்வாடி. அருட்சகோதரிகள் அதை நடத்தினார்கள். கப்பலில் வந்த கோதுமை நொய்யையும் பால் பவுடரையும் வைத்து அவர்கள் கிண்டிய உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் இருப்பதாகச் சொல்லும் தாத்தாமார் இங்கே இருக்கிறார்கள். சகோதரிகளின் எண்ணிக்கை குறைந்த பிறகு, 2006இல் மத்திய அரசு தொடங்கிய ராஜீவ் காந்தி தேசியக் குழந்தைக் காப்பகத் திட்டத்தின் மானியம் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக நமக்குக் கிடைத்தது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள 25 குழந்தைகள். ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மத்திய அரசுடையது, பத்துப் பங்கு நடத்துகிறவர்களுடையது.

2017இல் கணக்கு மாறிற்று. திட்டம் மாநிலங்களின் கைக்குப் போயிற்று. மத்திய அரசு 60, மாநில அரசு 30, நடத்துகிறவர் 10 என்று பங்கு பிரித்தார்கள். காகிதத்தில் இது குற்றமாகத் தோன்றாது. ஆனால் இரண்டு கருவூலங்களிலிருந்து வர வேண்டிய பணம், ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடந்தது. நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020இன் தொடக்கத்தில் சுமார் 6,500 ஆகக் குறைந்துவிட்டன. அவற்றிலிருந்த குழந்தைகள் எங்கே போனார்கள்? அக்காள்மாரின் இடுப்புக்குப் போனார்கள்.

அந்தத் திட்டத்தின் கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 2017இன் விதிப்படி பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500 ரூபாய். சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்று பெயர். மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், 25 குழந்தைகள். வகுத்துப் பார்த்தால், ஒரு குழந்தையை ஒரு நாள் முழுவதும் பார்த்துக்கொள்வதற்குப் பணியாளருக்கு 5 ரூபாய்கூட இல்லை. பேருந்து நிலையத்தில் மோட்டார் சைக்கிளை ஒரு பகல் நிறுத்தி வைக்க அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

நம் பால்வாடியின் கடைசிப் பணியாளர் இந்தக் கூட்டத்தில்தான் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் சாமி என்று கேட்டுக்கொண்டார். அந்த மதிப்பூதியமும் மாதக்கணக்கில் வராமற்போகவே, பதினோரு ஆண்டு பார்த்த வேலையை விட்டுவிட்டு அவர் போன இடம் எது? அண்டி ஆபீஸ். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதைவிடக் கொட்டை தல்லுவதில் வருமானம் அதிகம். இதை நினைக்கும்போதெல்லாம் நமக்கு வருவது கோபமா வெட்கமா என்று தெரியவில்லை.

வெட்கத்துக்குக் காரணம் உண்டு. 2019இல் நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்றபோது பால்வாடி உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற ஒரு மனு எழுதினோமா? இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஒரு தொல்லை குறைந்தது என்றே நினைத்தோம். 2020இல் கொரோனா வந்தது, எல்லாவற்றோடும் அதுவும் பூட்டப்பட்டது. மற்றவையெல்லாம் திறந்தன, அது திறக்கவில்லை. தேர்ச் சக்கரமும், திருவிழா டியூப் லைட்டுகளும், உடைந்த நாற்காலிகளும் அங்கே குடியேறின. சாவி இத்தனை ஆண்டும் நம் மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. அந்தச் சிறுமியின் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்றுதான் அது கண்ணில் பட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகளுக்குத் தனி அறையும் பயிற்சி பெற்ற பெண்ணும் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தார்கள். 2017இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தி, ஆண் பெண் சேர்த்து 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றார்கள். பேறுகால விடுப்பையும் 26 வாரமாக உயர்த்தினார்கள். நல்ல சட்டங்கள்தாம். ஆனால் காப்பகத்தின் முழுச் செலவையும் முதலாளியின் தலையில் வைத்தால் அவர் என்ன செய்வார்? 49 பேரோடு நிறுத்திக்கொள்வார், அல்லது கைக்குழந்தைக்காரியை வேலைக்கு எடுக்கவே தயங்குவார். எல்லா முதலாளிகளும் அப்படியல்லர். ஆயினும் ஆசை காட்டிவிட்டு மனிதனைச் சோதிப்பது நல்ல சட்டமாகாது. அன்றியும், மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் முதலாளி என்று யாரைக் காட்டுவது?

இதில் நம் மனத்தைத் தொட்ட விதி ஒன்றுண்டு. 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், அதாவது நம் நூறு நாள் வேலை. வேலையிடத்துக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேராவது இருந்தால், வேலை செய்பவர்களில் ஒரு பெண்ணை அவர்களைப் பார்க்க நியமிக்க வேண்டும், அவளுக்கும் அதே கூலி தர வேண்டும் என்றது அது. மண் வெட்டுவதும் வேலை, பிள்ளை பார்ப்பதும் வேலை, இரண்டுக்கும் ஒரே கூலி! இவ்வளவு நேர்மையான ஒரு வரியை நாம் வேறு அரசாணையில் கண்டதில்லை. நடைமுறையில் எத்தனை குளத்தங்கரையில் அது நடந்தது என்பதை நூறு நாள் வேலைக்குப் போனவர்களே சொல்லட்டும்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதற்காக நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறோம். நம் பங்கு பிறந்த அதே 1975ஆம் ஆண்டு, அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு அடித்தளமிட்ட 1972ஆம் ஆண்டு ஆய்வுக் குழுவின் தலைவராக இருந்தவர், பின்னர் சென்னையில் வாழ்ந்து 2022இல் மறைந்த மீனா சுவாமிநாதன் அம்மையார். 1982 ஜூலை முதல் நாள் திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கஜானாவைச் சோற்றில் கரைக்கிறார் என்று கேலி செய்தவர்கள் எத்தனை பேர்! இன்று அப்படிச் சொல்ல எந்தக் கட்சிக்கும் வாய் வராது. 2022இல் காலை உணவும் வந்தது. 2024இல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. குழந்தைக்குச் செலவிடும் பணம் வீணாகாது என்பதைத் தமிழ்நாட்டுக்கு வேறு யாரும் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. அங்கன்வாடியில் உட்கார வைப்பது இரண்டு வயதுப் பிள்ளையை. அதற்குக் குறைந்த குழந்தைக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். பிரசவத்துக்கு அரசு உதவித்தொகை தருகிறது. அது ஆறு மாதத்துக்குள் கரைந்துவிடும். ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, தவழ்ந்து, எழுந்து, விழுந்து, வாயில் கண்டதைப் போட்டு, முதல் சொல்லைச் சொல்லும் அந்த ஒன்றரை ஆண்டுக்கு, யாரும் இல்லை. பாலத்தின் இரு கரையும் கட்டியாயிற்று, நடுவில் வளைவைக் காணோம். மற்றொரு ஓட்டை நேரம். பிற்பகலில் அங்கன்வாடி மூடுகிறது. அண்டி ஆபீசில் சங்கு ஊதுவது ஐந்து மணிக்கு. இடைப்பட்ட நேரத்துக்கும் அந்த அக்காள்தான். திட்டம் தீட்டியவர்கள் எத்தனை சாப்பாடு என்று எண்ணினார்கள், தாய் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று எண்ணவில்லை. 2022இல் மத்திய அரசு ‘பால்னா’ என்ற பெயரில் காப்பகத் திட்டத்தைப் புதுப்பித்தது. இந்தியில் அதற்குத் தொட்டில் என்று பொருள். கைவிடப்பட்ட பெண் குழந்தைகளுக்காக 1992இல் தமிழக அரசு தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். இதன்படி நாடு முழுவதும் 17,000 அங்கன்வாடிகளில் நாள் முழுவதும் குழந்தைகளைப் பார்க்கும் காப்பகத்தையும் சேர்த்து நடத்துவது நோக்கம். நோக்கம் சரியானதே. ஆனால் நம் தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டு, நாடு முழுவதற்கும் 17,000 எவ்வளவு தூரம் எட்டும் என்று பாருங்கள்.

கடல் கடந்த செய்தி ஒன்று. கனடாவில் மொன்றியல் நகரில் நர்ஸாக இருக்கும் நம் பங்குப் பெண் ஒருத்தி விடுமுறையில் வந்திருந்தபோது, அங்கே தன் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு இரவு ஷிப்டுக்கும் பகல் ஷிப்டுக்கும் போய் வந்த கதையைச் சொன்னாள். கியூபெக் மாகாணத்தில் 1997இல் அரசு ஒரு முடிவெடுத்தது. குழந்தை ஒன்றுக்கு நாளைக்கு 5 டாலர் பெற்றோர் கொடுக்க வேண்டும், மீதிச் செலவு அரசுடையது. 2004இல் அது 7 டாலர் ஆயிற்று. தாய்மார் பெருந்திரளாக வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் எல்லாம் நலமாக நடந்தது என்று நாம் சொல்லவரவில்லை. இடம் போதவில்லை, பெயர் கொடுத்துவிட்டு நெடுநாள் காத்திருந்தார்கள். இலாப நோக்கில் நடந்த காப்பகங்களில் பராமரிப்பின் தரம் தாழ்ந்து கிடந்தது. சில குழந்தைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாக ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். நன்றாக நடந்தவை, இலாப நோக்கமின்றி, பெரும்பான்மையோர் பெற்றோராக இருந்த குழுக்கள் நடத்திய காப்பகங்கள். 2021இல் கனடா நாடு முழுமைக்கும் நாளைக்கு 10 டாலர் என்ற இலக்கை வைத்து, ஐந்தாண்டுக்குச் சுமார் 3,000 கோடி டாலர் ஒதுக்கியபோது, கியூபெக்கைப் பார்த்துத்தான் அதைச் செய்தார்கள்.

மலிவு மட்டும் போதாது என்பதற்காக இதைச் சொன்னோம். ஒரே பெண்ணிடம் இருபத்தைந்து குழந்தைகளை ஒப்படைத்தால் அவள் என்ன செய்ய முடியும்? ஒன்றுக்குத் துணி மாற்றுவதற்குள் மற்றொன்று வாசலைத் தாண்டிவிடும். அவளுக்குத் தாலாட்டுப் பாட நேரம் ஏது? கைக்குழந்தையோடு யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பேச்சில்தான் அதன் அறிவு விரிகிறது. கட்டில் காலில் கட்டப்பட்ட குழந்தைக்கும், பேச ஆளில்லாத காப்பகத்தில் கிடத்தப்பட்ட குழந்தைக்கும் வேறுபாடு அதிகமில்லை. ஆகவே அரசுப் பணம் முதலில் போக வேண்டிய இடம் கட்டடமல்ல, பெயர்ப் பலகையும் அல்ல. பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சம்பளம். இரண்டு பேருக்குப் பதில் நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் அண்டி ஆபீசுக்கு ஓடிவிடாத அளவு கூலி, அதுவும் மாதம் பிறந்தால் கையில்.

இது நடக்கக் கூடியதா என்று சந்தேகப்படாதீர்கள். இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. நம் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது? கட்டடம் நம்முடையது, நிலம் நம்முடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. உதவிபெறும் பள்ளி என்கிறோம். அரசு சம்பளம் இல்லாத நாள்களில் நம் ஆசிரியர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று மூத்த ஆசிரியர்களைக் கேளுங்கள். நெல்லும் தேங்காயும் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளத்தை அரசு ஏற்றதால் பள்ளி அரசியல்வாதியின் சொத்தாகிவிடவில்லை, பிள்ளைகள் படித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அரசு ஆசிரியர் தரலாம், ஒரு வயதுப் பிள்ளைக்குத் தரக் கூடாதா?

யாத்திராகமத்தில் மோயீசனின் பிறப்பை வாசித்திருப்பீர்கள். பேழையில் வைத்து நதியோரத்தில் விட்ட குழந்தையைத் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் யார்? அவன் அக்காள். நம் ஊர் அக்காள்மாரைப் போலவே. பிறகு பார்வோனின் மகள் வந்தாள். குழந்தையைப் பெற்ற தாயிடமே கொடுத்து, பாலூட்டி வளர்த்துக் கொடு, அதற்குக் கூலி தருகிறேன் என்றாள். அரண்மனைப் பணம்! அதைத் தாய் கூச்சமின்றி வாங்கிக்கொண்டாள். பிச்சையென்று யாரும் அதைச் சொல்லவில்லை. நதிக்கரையில் நின்ற சிறுமியும் வீட்டுக்குப் போனாள்.

நாம் செய்யப்போவதைச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். வடபுறக் கட்டடத்தைக் காலி செய்தாயிற்று. தேர்ச் சக்கரத்துக்குக் கொட்டகை போட்டிருக்கிறோம். கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு அடிப்பதை ஓராண்டு தள்ளிவைக்கப் பங்குப் பேரவை இசைந்திருக்கிறது. இரண்டு உறுப்பினர்கள் மட்டும் இன்னும் நம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை, போகட்டும். அந்தப் பணத்தில் ஓடு மாற்றி, தரை பூசி, கிணற்றுக்குக் கம்பி அடைப்புப் போடுகிறோம். அதற்கு மேல் நம்மால் ஆகாது. நான்கு பெண்களுக்கு மாதாமாதம் நியாயமான சம்பளம் கொடுக்க எந்தப் பங்கின் உண்டியலும் தாங்காது, தாங்கும் என்று வாக்குக் கொடுத்தால் மூன்றாம் மாதம் பொய்யராவோம். ஆகவே மே முதல் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955இல் உழைப்பாளரான சூசையப்பருக்கு ஒதுக்கிய அத்திருநாளில், காலைத் திருப்பலி முடிந்ததும் நேரே கிராம சபைக் கூட்டத்துக்குப் போகிறோம். நம் ஊர் அங்கன்வாடியோடு நாள் முழுவதும் நடக்கும் காப்பகம் வேண்டும், இடம் நாங்கள் தருகிறோம், எந்தச் சாதி எந்தச் சமயத்துப் பிள்ளையும் அங்கே வரலாம், பணியாளர் சம்பளத்தை அரசு ஏற்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருவோம். தீர்மானத்தின் நகலை ஊராட்சித் தலைவரிடமிருந்து வாங்காமல் கலைந்துவிடக் கூடாது. ஆண்கள் அவசியம் வர வேண்டும். பெண்கள் மட்டும் வந்தால் குழாயடிச் சங்கதி என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

அது வரைக்கும் அந்தச் சிறுமி? ஜூன் மாதத்திலிருந்து அவள் பள்ளிக்குப் போகிறாள். அன்பியத்துப் பெண்கள் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாள் முறைவைத்து அவள் தம்பியைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர் வீட்டில் கல்யாணம் என்று இந்த மாதத்திலேயே இரண்டு நாள் அவள் நின்றுவிட்டாள். வருகிற வியாழக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. முடிந்தவர்கள் கூட்டம் கலைவதற்கு முன் மாதர் சங்கத் தலைவியிடம் பெயர் கொடுங்கள். காலை எட்டரை மணிக்குள் வந்துவிட வேண்டும், அவளுக்கு ஒன்பது மணிக்குப் பேருந்து.